விரல் நுனியில் கேட்கும் நாதம்

மரவேலை பழகத் தொடங்குவோர் பலரும் முதலில் அஞ்சுவது உளிக்கு. இசைக்கருவி செய்யப் பழகுபவர் அஞ்ச வேண்டியதோ உப்புத்தாளுக்கு. உளி செய்த பிழை அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். உப்புத்தாள் செய்த பிழையோ, கருவி முழுதும் முடிந்து, நரம்பு பூட்டி, மீட்டிப் பார்க்கும் நாளில்தான் தெரியவரும். அதற்குள் தேய்த்த மரம் தூளாகிக் காற்றில் கலந்திருக்கும். போன தூளைப் பலகையில் மீண்டும் சேர்க்க எவராலும் இயலாது.

ஹவாய்த் தீவுகளில் பிறந்த யுகுலேலே என்னும் சிறு கருவியைத் தம் கையாலேயே செய்து பார்க்க முனைபவர் இன்று பல நாடுகளிலும் உண்டு. பணி ஓய்வு பெற்ற பின் இதைத் தொடங்குவோரும் அவர்களுள் அடங்குவர். பார்வைக்கு இது கிதாரின் குழந்தை போன்றது. நான்கே நரம்புகள் கொண்டது. ஏறக்குறைய 53 சென்டிமீட்டர் நீளமுள்ள மிகச் சிறிய வகை அரைக் கிலோ எடைகூட இராது. இவ்வளவு சிறிய பொருளைச் செய்வது எளிதாக இருக்கும் என்று எண்ணித்தான் பலரும் தொடங்குகின்றனர்.

இக்கருவியின் வரலாறே கைத்தொழில் தெரிந்த எளியவர்களின் வரலாறு. 1879ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், போர்ச்சுக்கலுக்கு உரிய மடெய்ரா தீவிலிருந்து ரேவன்ஸ்க்ராக் என்னும் கப்பல் ஹோனலூலு துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் அதில் வந்தன. மானுவல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோஸே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற மூன்று தச்சர்களும் அவர்களோடு இறங்கினர். அவர்கள் ஊரில் வழங்கிய மஷேத் என்ற நான்கு நரம்புக் கருவியும் அக்கப்பலில் வந்து சேர்ந்தது. பின்னர் அம்மூவரும் ஹோனலூலுவில் பட்டறை வைத்து, அந்தத் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் கோஆ என்னும் மரத்தில் அத்தகைய கருவிகளைச் செய்யலாயினர். கோஆ, நம் ஊர் வேலமரத்துக்கு உறவான மரம். அக்காலத்தில் ஹவாயை ஆண்ட கலாகவா மன்னர் இக்கருவியை விரும்பி அரண்மனை இசை நிகழ்ச்சிகளில் இடம்பெறச் செய்தார். அந்நியர் கொண்டுவந்த கருவி அந்நாட்டின் அடையாளமாகவே ஆயிற்று.

நூனெஸிடம் தொழில் பழகியவர்களுள் ஒருவர் சாமுவேல் கமகா. அவர் 1916இல் தம் வீட்டின் நிலவறையில் சொந்தமாகப் பட்டறை தொடங்கினார். 1953இல் அவர் மறைந்தபின் அவருடைய மக்கள் அதை ஏற்று நடத்தினர். குடும்பத்தின் பெயரை இட்டுக் கருவி செய்வதானால் மட்டமான பொருளைச் செய்யலாகாது என்பது தந்தை அவர்களுக்கு விட்டுச்சென்ற கட்டளை. அப்பட்டறை இன்றும் அக்குடும்பத்தார் கையிலேயே இயங்கி வருகிறது.

இனி, புதிதாகப் பழகுபவர் கடக்க வேண்டிய படிகளைக் காண்போம்.

முதற்படி, குடத்தின் பக்கப் பலகைகளை வளைப்பது. நம் வீணையின் குடத்தைப் பலாமரத்தில் குடைந்து எடுப்பர். யுகுலேலேயின் குடமோ மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டிச் செய்யப்படுவது. ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பலகையை நனைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயின் மேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். போதிய சூடு ஏறியதும் மரம் தானே இளகிக் கொடுக்கும். அதை விரல்கள் உணரும். அதற்கு முன் வலிந்து வளைத்தால் விரிசல் விழும். வளைத்த பலகைகளை அச்சில் பொருத்தி, உட்புற விளிம்பில் மெல்லிய மரப்பட்டைகளைப் பசையிட்டு ஒட்டுவர். பசை காயும்வரை அவற்றை இறுகப் பிடித்திருப்பவை, பெரும்பாலும் கொடியில் துணி உலர்த்தப் பயன்படும் சாதாரணக் கிளிப்புகளே.

அடுத்தது மெட்டுகள். இங்கே வீணைக்கும் யுகுலேலேக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் அமைகின்றன. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி, மேளம் கட்டத் தெரிந்தவர் காதால் கேட்டு மீண்டும் நிறுத்திவிடலாம். யுகுலேலேயில் வாளால் பள்ளம் அறுத்து, மெட்டுக் கம்பியை அதில் அடித்து இறக்குவர். ஆகவே காது செய்ய வேண்டிய வேலையை முன்கூட்டியே கணக்கு செய்தாக வேண்டும்.

அக்கணக்கு சுவையானது. அதிரும் நரம்பின் நீளம் 345 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதை 17.817 என்ற எண்ணால் வகுத்தால் 19.36 வரும்; முதல் மெட்டு அத்தனை மில்லிமீட்டர் தள்ளி அமையும். எஞ்சிய 325.64 மில்லிமீட்டரை அதே எண்ணால் வகுத்தால் 18.28, அது அடுத்த மெட்டுக்கான இடைவெளி. கடனின் நிலுவை குறையக் குறைய வட்டியும் குறைந்து வருவது போலவே இடைவெளிகளும் சுருங்கிக்கொண்டே வந்து, பன்னிரண்டாம் மெட்டு நரம்பின் சரிபாதியில், அதாவது 172.5 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். ஆனால் பலகையில் குறியிடும்போது ஒவ்வொரு மெட்டையும் அதற்கு முந்தைய மெட்டிலிருந்து அளக்கலாகாது. கூட்டிவந்த மொத்தத்தைக் கொண்டு, நரம்பு தொடங்கும் முனையிலிருந்தே எல்லாவற்றையும் அளக்க வேண்டும். இல்லையேல், பேரேட்டின் ஒரு பக்கத்தில் நேர்ந்த பிழை அடுத்த பக்கங்களுக்கெல்லாம் கொண்டுசெல்லப்படுவது போல, ஒரு நூலிழைப் பிசகு வளர்ந்து கடைசி மெட்டில் அபசுரமாக வெளிப்படும்.

கணக்கால் தீர்வது இவ்வளவே. கருவியின் உயிர் இருப்பது மேற்பலகையில். அங்கே கணக்கு துணைக்கு வராது. நான்கு நரம்புகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை பத்துக் கிலோவுக்கும் மேல். அத்தனையையும் தாங்கி நிற்பது, குதிரை ஒட்டப்பட்டிருக்கும் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள பலகையும், அதன் அடியில் ஒட்டிய சில மெல்லிய சட்டங்களுமே. பலகை தடித்தால் நரம்பின் அதிர்வு அதை அசைக்க மாட்டாது. ஒலி உள்ளேயே அடங்கிவிடும். அளவுக்கு மீறி மெலிந்தால் ஒலி சில காலம் திறந்து பேசும். பிறகு குதிரையின் இழுப்பில் பலகை உருக்குலையும். வலிமைக்கும் இனிமைக்கும் இடையில் உள்ள இடம் மிகக் குறுகியது. ஒரே இன மரத்திலும் ஒரு துண்டு போல் மற்றொரு துண்டு இராது என்பதால், எந்த நூலும் அவ்விடத்தை மில்லிமீட்டரில் எழுதித் தந்துவிட முடியாது.

அதைக் கண்டுகொள்ளும் வழி ஒன்றே. பலகையின் ஓரத்தை இரு விரல்களால் தளரப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பார்ப்பது. சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி அதைச் சுண்டிப் பார்ப்பாரே, அது போன்றதே இதுவும். தடித்த பலகை ‘டொக்’ என்று சொல்லி உடனே அடங்கிவிடும். சிறிது தேய்த்துத் தட்ட, மீண்டும் சிறிது தேய்த்துத் தட்ட, ஒரு கட்டத்தில் ஒலி நீண்டு நிற்கத் தொடங்கும். பிடித்த விரல்களிலும் ஒரு துடிப்பு தெரியும். கையை நிறுத்த வேண்டிய இடம் அதன் அருகில்தான் இருக்கிறது.

இத்தட்டலைக் காதுக்கு உரிய வித்தை என்று எண்ணுவோர், கமகா பட்டறையின் ஒரு செய்தியை அறிந்தால் வியப்பர். செவிப்புலன் இல்லாதவர்கள் பலர் அங்கே பணியாற்றி வந்துள்ளனர். பலகையைத் தட்டும்போது எழும் அதிர்வை விரல்களால் உணர்ந்து, அதன் கனம் சரியாக உள்ளதா என்று சொல்வதில் அவர்கள் தேர்ந்தவர்களாக விளங்கினர். பிறர் மீட்டி மகிழும் நாதத்தைத் தாம் ஒருபோதும் செவியால் கேட்டறியாதவர்களே அதை மரத்தில் அமைத்துத் தந்தனர். இந்த வேலைக்கு முதலில் வேண்டுவது கூரிய காது அன்று. கையில் இருக்கும் மரம் சொல்வதை வேறு நினைவின்றிக் கவனிக்கும் மனம் என்பதற்கு அவர்களே சான்று.

புதிதாகப் பழகுபவருக்கு அக்கவனம் ஒரே கருவியில் கைவந்துவிடாது. விலையுயர்ந்த கோஆ மரத்தைத் தொடுவதற்கு முன் சாதாரண மரத்தில் செய்து பழகுவதே நல்லது. ஒவ்வொரு முறை தேய்த்த பின்னும் பலகையின் கனத்தை அளந்து, தட்டியபோது ஒலி எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து ஒரு நோட்டில் குறித்துவைப்பது அதனினும் நல்லது. முதற்கருவி பெரும்பாலும் சற்றுத் தடித்தே அமையும். உடைந்துவிடுமோ என்ற அச்சம், கையைத் தக்க நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறது.

ஆகவே நரம்பு பூட்டும் நாளில், வாரக்கணக்கில் உழைத்துச் செய்த கருவி மந்தமாக ஒலிக்கக்கூடும். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. அதை ஒதுக்கி எறியவும் வேண்டியதில்லை. அடுத்த பலகையைத் தட்டிப் பார்க்கும் நாளில், அது எந்த ஒலியைத் தாண்டிச் செல்ல வேண்டும் என்று காட்ட, அந்த முதற்கருவியை விடச் சிறந்த ஆசான் கிடைக்கமாட்டார். தேர்ந்த கைகள் தம் தொடக்க காலக் கருவியைச் சுவரில் மாட்டிவைப்பது பெருமைக்காக அன்று. எவ்விடத்தில் அஞ்சி நிறுத்தினோம் என்பதை அது நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கும்.