கத்தரிக்காயைப் பார்த்து வரைவோமா?



ஓவியப் போட்டி என்றதும் உங்கள் கை தானாக என்ன வரைகிறது? இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், பறவைகள் என்று நாலு வளைந்த கோடு. சரிதானே? மலையே இல்லாத தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இதே மலையைத்தான் வரைகிறார்கள். பள்ளிப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து இந்த மலைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவன் நான். கை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. அதே மலைக்கு ஆண்டுதோறும் பரிசு கொடுக்கிற பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்த விடுமுறையில் மலையை விட்டுவிடுங்கள். சமையலறையிலிருந்து ஒரு கத்தரிக்காயையும் ஒரு பித்தளைச் செம்பையும் எடுத்து வாருங்கள். இப்படி அசையாத பொருள்களை எதிரே வைத்துப் பார்த்து வரைவதை, 'ஸ்டில் லைஃப்' என்பார்கள்.

'கத்தரிக்காய் எல்லாம் ஒரு படமா?' என்று வீட்டில் சிரிக்கலாம். பாரீஸ் நகரில் 1699இல் பிறந்த ஷார்தேன் என்ற ஓவியரின் காலத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். கடவுள், ராஜா, போர் இவற்றை வரைந்தால் உயர்வு. பழமும் பாத்திரமும் வரைந்தால் தாழ்வு. அவரோ செம்புப் பாத்திரத்தையும், வெங்காயத்தையும், முட்டையையும் வரைந்துகொண்டே இருந்தார். 1761இல் ஒரு கூடை ஸ்ட்ராபெரியை வரைந்தார். குவித்து வைத்த சிவப்புப் பழங்கள், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு வெள்ளைப் பூ, ஒரு பீச் பழம், இரண்டு செர்ரி. அவ்வளவுதான் படம்! 2024இல் பாரீஸின் லூவ்ர் அருங்காட்சியகம் அதை வாங்கியபோது, அது நாட்டை விட்டுப் போகக் கூடாதென்று ஆயிரக்கணக்கான சாதாரண மக்களும் நன்கொடை கொடுத்தார்கள்.

அவர் வரைந்தது ஆயில் கலரில். நாமும் அதையே முயற்சி செய்யலாம். வாட்டர் கலர் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஆயில் கலர் நாள்கணக்கில் ஈரமாக இருப்பதால், தப்பை வழித்து எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம். அதில் கலந்திருப்பது ஆளிவிதை எண்ணெய். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது; அதைக் கலந்து வீணாக்காதீர்கள்!

பெட்டி நிறைய கலர் கேட்டு அடம் பிடிக்க வேண்டாம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பழுப்பு ஐந்தும் போதும். வெறும் தாளில் எண்ணெய் ஊறிவிடும் என்பதால், கடையில் கேன்வாஸ் போர்டு ஒன்று கேளுங்கள்.

ஜன்னல் ஓரம் வெள்ளைத் துணி விரித்துப் பொருள்களை வையுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும்; டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இப்போது கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். காம்பும் கோடும் மறைந்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று திட்டுகள் தெரியும். முதலில் வரைய வேண்டியது இவற்றைத்தான். பழுப்பில் கொஞ்சம் டர்பென்டைன் விட்டு நீர்க்கக் கரைத்து, இருட்டுப் பகுதியைத் தடவுங்கள். அடுத்து நடுத்தரம். பளபளக்கும் வெள்ளைப் புள்ளியைக் கடைசியில், கெட்டியாக, ஒரே ஒரு தொடுதலில் வையுங்கள். கத்தரிக்காய் மேல் மின்னும் அந்தப் புள்ளி உங்கள் வீட்டு ஜன்னல்தான்! நிழலுக்குக் கறுப்பைத் தேடாதீர்கள். துணியில் விழும் நிழலை உற்றுப் பாருங்கள். அதில் கொஞ்சம் நீலமோ ஊதாவோ இருக்கும்.

ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. அடியில் எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் அதிகம். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்துவிடும். அடியில் உள்ளது பிறகு மெதுவாகக் காயும்போது மேலே வெடிப்பு விழும்.

டர்பென்டைன் எளிதில் தீப்பிடிக்கும். அதனால் அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். பிரஷ்ஷை வாயில் வைக்கவே கூடாது. பிரஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகி, அந்தத் துணி தானாகவே பற்றிக்கொள்ளக் கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

கலர் வாங்க வசதி இல்லையா? பென்சிலே போதும்; கண்ணைப் பாதி மூடிப் பார்க்கக் காசு வேண்டாம்.

கத்தரிக்காய் மூன்றாம் நாள் வாடத் தொடங்கும். அதனால் அதை முதலில் வரைந்துவிடுங்கள், செம்பு காத்திருக்கும். முடித்த படத்தைத் தூசி படாத இடத்தில், தம்பி தங்கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மெல்லிய பூச்சே தொடும் அளவுக்குக் காயச் சில நாள் ஆகும். கெட்டியாகப் போட்ட இடத்தை வாரக்கணக்கில் தொடாதீர்கள்.