கொல்லாது பிடிக்கும் விளையாட்டு

விளையாட்டு என்றதும் மைதானத்தையே நினைப்பது எம்மவர் வழக்கம். ஆயின், மேசைமேல் ஆடப்படும் ஆட்டங்களுக்கும் மாணவர் வாழ்வில் இடமுண்டு. பழைய மாணவரும் ஆசிரியரும் இன்று பயில்வோரும் ஒருங்கே வாசிக்கும் இந்த யூபிலி மலரில் அத்தகைய ஆட்டமொன்றைக் குறித்து எமது கருத்தைக் கூற விரும்புகின்றோம். சிறு பொம்மைகளைப் பலகையில் நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, எதிராளியின்றித் தனியொருவரே ஆடும் போர் விளையாட்டே அது.

புருசிய நாட்டுப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கென ரைஸ்விட்ஸ் என்பார் 1824ஆம் ஆண்டில் போர் ஆட்ட விதிகளை வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய 'சிறு போர்கள்' என்னும் நூல் அதனை வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்தது. பின்வந்தோர் கற்பனை உலகங்களையும் விந்தை விலங்குகளையும் அதிற் சேர்த்தனர். ஜோசப் மக்கலோ என்பார் 2018இல் வெளியிட்ட 'ரேஞ்சர்ஸ் ஒஃப் ஷடோ டீப்' தனியே ஆடுவதற்கும் ஏற்றவாறு அமைந்தது. இவ்வகை ஆட்டங்களில் எதிர்த்தரப்பை நகர்த்துவன விதியும் தாயமுமே. காட்டு விலங்கொன்றை உயிரோடு பிடித்தல் இவற்றுக்கு இயைந்த ஒரு கதைக்கட்டம். அக்கட்டத்தை வன்னி மாணவர் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே எமது துணிபு.

காரணம் கூறுவோம். 2009ஆம் ஆண்டு மே மாதம் வரை போரைக் கண்ட மண் இது. இழப்பு இல்லாத வீடு அரிது. இங்கே படைவீரர் பொம்மைகளைப் பரப்பி, வீழ்ந்தவற்றை எண்ணி மகிழுமாறு பிள்ளைகளிடம் கூற எமக்கு மனம் வரவில்லை. எனினும் உபாயமும், பொறுமையும், ஆபத்தை எடைபோடும் அறிவும் அவர்களுக்கு வேண்டுமன்றோ? பிடிக்கும் ஆட்டத்தில் இவை யாவும் உள; கொலை மாத்திரம் இல்லை. விலங்கு இறந்தால் ஆடுபவன் தோற்றவனாவான். இம்முறை எமக்குப் புதியதன்று. ஆடுபுலி ஆட்டத்தில் 15 ஆடுகளும் 3 புலிகளை வெட்டி வெல்வதில்லை. வழியடைத்து நிறுத்தியே வெல்கின்றன.

எந்த விலங்கைப் பிடிப்பது என்னும் வினாவுக்கு வன்னியின் சரித்திரமே விடை தருகின்றது. வன்னிபங்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தியவை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் அத்திறையை விடாது கேட்டனர். பிடிபட்ட யானைகள் கடல்நீரேரியைக் கடந்து குடாநாட்டிற்குச் சென்ற வழியே யானையிறவு எனப் பெயர் பெற்றது. இந்திய வணிகர் அவற்றை விலைகொண்டு ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றினர். வன்னியிலிருந்து எத்தனை தாய்க் கூட்டங்கள் குலைந்தன என்பதையும் இவ்வருவாய்க் கணக்கோடு சேர்த்தே நாம் எண்ணவேண்டும்.

பிடித்தவர் யார்? வடக்கு, வடகிழக்கு முஸ்லிம் ஊர்களைச் சேர்ந்த பணிக்கர் இத்தொழிலிற் புகழ்பெற்றிருந்தனர். அவர்களின் திறமையை 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் தெனன்ற் வியந்து எழுதியுள்ளார். பெரும்பாலும் இருவரே செல்வர். தோலால் முறுக்கிய கயிறே கருவி. அடிச்சுவட்டையும் முறிந்த கிளையையும் கண்டு தொடர்வர். ஒருவன் முன்னின்று யானையின் கவனத்தை ஈர்க்க, மற்றவன் பின்சென்று காலிற் சுருக்கிட்டுக் கயிற்றை மரத்திற் பிணிப்பான். அவர்கள் யானையை வென்றது உடல்வலியால் அன்று. அதன் இயல்பை அறிந்தமையால்.

அந்த அறிவையே ஆட்டத்தின் விதியாக அமைக்கலாம். பலகையிற் குளமும் வயலும் பாலைமரக் காடும் வரைக. இரணைமடுவையோ முத்தையன்கட்டையோ மனத்திற் கொள்க. களிமண்ணால் பணிக்கர் இருவரையும் உதவியாளர் நால்வரையும் செய்க. யானைக்கு வேறு சட்டம். ஒவ்வொரு முறையும் தாயம் உருட்டி, அது நீரை நாடுமோ, மேயுமோ, நின்று மோப்பம் பிடிக்குமோ என அறிக. காற்று ஆடுபவன் பக்கமிருந்து வீசினால் யானை அவனை அறிந்துவிடும். கன்றுள்ள கூட்டமாயின் முதிய பெண்யானை நடத்திச் செல்லும்; மதங்கொண்ட தனியனாயின் விதி வேறு. கோடையில் நீர்நிலைகள் சில, மாரியிற் பல. ஆகவே கோடையில் எளிதாகும் ஆட்டம் மாரியிற் கடினமாகும். சதுரங்கத்தில் யானை எமது ஏவலுக்கு நகரும் காய். இங்கோ அது தன் தேவைக்கு நகரும் உயிர். இவ்விதிகளை எழுதும் மாணவன் விலங்கியலையும் புவியியலையும் சரித்திரத்தையும் ஒருங்கே கற்றவனாவான்.

தனியே ஆடினால் ஏமாற்றலாமே என்பர் சிலர். ஆம், ஏமாற்றலாம். தனக்குப் பாதகமாக விழுந்த தாயத்தைக் காண்போர் எவருமில்லை. ஆயினும் விழுந்தபடியே யானையை நகர்த்துபவன், மேற்பார்வையாளர் இல்லாத மண்டபத்திலும் நேர்மையாகப் பரீட்சை எழுதக்கூடியவன். அப்பயிற்சியைத் தரும் பாடம் வேறெது?

எனினும், ஆட்டம் பழங்காலத்தோடு நின்றுவிடலாகாது. யானைப் பிரச்சினை வன்னியில் இன்றும் வயலோரத்தில் நிற்கின்றது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இப்பகையால் உள்ளிட்ட காரணங்களால் மாண்டனர். உணவினுள் மறைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்து பட்டினியால் இறக்கும் இளம் யானைகளும் உள. ஓரிரவில் ஆண்டுழைப்பை இழந்த கமக்காரனின் கோபத்தையும் நாம் குறைத்து மதிப்பிடோம். "பிடித்துக்கொண்டு போங்கள்" என்று அவன் கேட்பது இயல்பே.

அவ்வாறு பிடித்துக்கொண்டு போனதன் பயன் யாது? இலங்கையில் இடமாற்றப்பட்ட 12 ஆண்யானைகளுக்குக் கழுத்துப்பட்டி அணிவித்து, செய்மதி வாயிலாகத் தொடர்ந்து ஆராய்ந்த முடிவுகள் 2012இல் வெளிவந்தன. தேசிய பூங்காக்களில் விடப்பட்ட அவற்றுட் பெரும்பாலானவை அங்குத் தங்கவில்லை. சில பிடிபட்ட இடத்திற்கே திரும்ப முயன்றன. சில ஊரூராய் அலைந்தன. இடமாற்றம் மோதலைக் குறைக்காது பரப்பியது. யானைகளின் இறப்பையும் மிகுத்தது என்பதே ஆய்வாளரின் முடிவு. ஆகவே எமது ஆட்டத்தின் இரண்டாங் கட்டம் இதுவாகட்டும்: யானையைப் பிடித்துப் பலகையின் மறுகோடியில் விட்டபின்னும் தாயத்தை உருட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். வென்றதாக எண்ணியவன் மூன்றாம் நாள் அதே யானையை அயலூர் வயலிற் காண்பான்.

மூன்றாங் கட்டத்திற் சுருக்குக் கயிறு வேண்டா. விதைப்பின்போது வயலைச் சுற்றி மின்வேலி இட்டு, அறுவடை முடிந்ததும் கமக்காரரே அதனை அகற்றி, ஒட்டுக்கதிரை யானைக்கு விடும் முறை இலங்கையிற் பயனளித்துள்ளது. இம்முறையை 2020இல் வகுக்கப்பட்ட தேசிய செயற்றிட்டமும் ஏற்றுள்ளது. வேலியைப் பேணும் முறையைத் தம்முட் பங்கிட இணங்காத ஊர், இக்கட்டத்திற் தோற்கும். யானையைப் பிடிப்பதினும் அயலவரை இணங்குவித்தல் அரிது என்பதை மாணவன் பலகையிலேயே கண்டுகொள்வான்.

பரீட்சைக் காலத்தில் இதற்கு நேரமேது என ஆசிரியர் கேட்கக்கூடும். தவணைக்கு ஒரு பிற்பகல் போதும். பொம்மைக்குக் களிமண் குளக்கரையில் உண்டு. பலகைக்குப் பழைய மேசை உண்டு. பழைய மாணவர் பணந்தான் தரவேண்டும் என்பதில்லை. வயற்காவலில் இராக்கண் விழித்தவர், வனப்பகுதியிற் பணியாற்றியவர், நிலஅளவை அறிந்தவர் எம்மிடையே உளர். அவர்கள் வந்து யானை எவ்வழி வரும், எப்போது வரும் என்று சொன்னால் விதிகள் செம்மையுறும். கல்லூரியின் அடுத்த கண்காட்சியில் அப்பலகை வைக்கப்படுமாயின், அதனைச் சுற்றி நின்று "யானை அப்படி வராது, தம்பி" என்று திருத்தும் முதியோரின் குரலே இம்முயற்சிக்குக் கிடைக்கும் பரிசாகும்.