உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அருமண்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர் போன் செய்தார். “ஹார்ட் டிஸ்க்கில் ரேர் எர்த் என்று ஏதோ இருக்கிறதாமே, உடம்புக்குக் கெடுதலா?” என்று கேட்டார். உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வரலாம்.

ரேர் எர்த், அதாவது அருமண் தனிமங்கள், மொத்தம் 17. ஹார்ட் டிஸ்க்கில் தகவலைத் தேடும் கையை அசைப்பது நியோடிமியம் கலந்த காந்தம். பழைய கலர் மானிட்டரில் சிவப்பு நிறம் தந்தவை இட்ரியமும் யூரோப்பியமும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் வரை இவற்றால் பயமில்லை. ஒரே எச்சரிக்கை: இந்த வகைச் சிறு காந்தங்களைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால், ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கிவிடும்.

ஆனால் கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது நம் மேஜைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

அருமண் கிடைக்கும் மோனசைட் தாதுவில் கதிர்வீச்சுள்ள தோரியமும் கலந்திருக்கும். மலேசியாவில் ஈப்போ அருகே புக்கிட் மேராவில், மோனசைட்டிலிருந்து அருமண் பிரிக்கும் ஆலை 1982-ல் இயங்கத் தொடங்கியது. தோரியக் கழிவைக் கண்டு அஞ்சிய ஊர் மக்கள் 1985-ல் வழக்குப் போட்டனர். தங்கள் பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததற்கும் ஆலையே காரணம் என்றனர். 1992-ல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மேல் நீதிமன்றம் 1993-ல் அதை ரத்து செய்தது. ஆனாலும் 1994-ல் கம்பெனியே ஆலையை மூடிவிட்டது. கழிவை அகற்றும் வேலை மட்டும் அதன் பிறகும் பல வருடங்கள் நீடித்தது.

சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைப் பல நேரங்களில் பழசாக்குவது எங்கள் சாப்ட்வேர்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத எத்தனையோ நல்ல கம்ப்யூட்டர்களை, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று பலரும் நினைத்துவிட்டார்கள்.

அவசரப்படாதீர்கள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் முதலில் ராம் கூட்டுங்கள், எஸ்.எஸ்.டி. மாற்றுங்கள். விண்டோஸ் கைவிட்டால் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். முடியவே முடியாது என்றால், காயலான் கடையில் எடைக்குப் போடாமல், அங்கீகாரம் பெற்ற இ-வேஸ்ட் மையத்தில் கொடுங்கள்.

நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் மூன்று வருடம் கூடுதலாக உழைத்தால், எங்கோ ஓர் ஊரில் அந்த அளவுக்குக் கழிவு குறையும்.