கரையில் வாழ்ந்தும் கடலறியாப் பிள்ளைகள்

வடகடலோரச் சிறுநகரங்களிற் குடியேறிய எமது குடும்பங்களைப் பற்றி உள்நாட்டுப் பெருநகரங்களில் வாழும் உறவினர் கொண்டுள்ள எண்ணம் வேடிக்கையானது. கடற்கரையில் இருக்கிறீர்கள், ஊரில் இருப்பது போலத்தானே என்று தொலைபேசியிற் கேட்பர். குக்ஸ்ஹாபனிலோ பூசுமிலோ ஒரு மாரிகாலத்தைக் கழித்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். கோடையில் விடுதிச் சமையலறைகளில் ஓய்வற்ற வேலை. குளிர் தொடங்கியதும் பல கடைகளுக்குப் பூட்டு. கோயிலுக்கும் தமிழ்ப் பாடசாலைக்கும் பல மணி நேரப் பயணம். ஆகவே சிலர் டோட்முண்ட், எசன் பக்கம் பெயர்ந்து சென்றனர். அவர்களை நாம் குறை கூறவில்லை. எஞ்சியிருப்போரிடமும், விடுமுறைக்கு அவர்களிடம் விருந்துக்கு வருவோரிடமும் ஒன்றைக் கேட்க விரும்புகின்றோம். உங்கள் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?

மயிலிட்டி, வல்வெட்டித்துறை, முல்லைத்தீவு என்று கடலோடு பிறந்த ஊர்களைச் சேர்ந்தோர் எம்மிற் பலர். அப்படியிருந்தும் எமது பிள்ளைகளுட் பலர் முழங்காலளவு நீருக்கு அப்பாற் செல்லாதவர்கள். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. போர்க்காலத்திற் கடலே தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. 1990 இல் வெளியேறிய மயிலிட்டி மக்கள் தமது துறைமுகத்தை மீண்டும் காண்பதற்கு 2017 வரை, 27 ஆண்டுகள் காத்திருந்தனர். 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை எஞ்சியிருந்த துணிவையும் கொண்டுசென்றது. அன்று உறவுகளைப் பறிகொடுத்த ஒரு தாய், கரைக்குப் போகாதே என்று பிள்ளையைத் தடுப்பதை நாம் நகைக்க முடியாது. எனினும் கடல் தெருமுனையிலே கிடக்கும் ஊரில் எத்தனை நாளைக்குத் தடுக்கலாம்? தாய் வேலைக்குப் போன பொழுதில், நண்பர்களோடு பிள்ளை போகத்தான் செய்யும்.

ஜேர்மனிய உயிர்காப்புச் சங்கத்தின் கணக்கின்படி 2016 இல் இந்நாட்டில் நீரில் மூழ்கி இறந்தோர் 537 பேர். அவர்களுள் 64 பேர் அகதிகள். இவ்வாறான இறப்புகளிற் பெரும்பாலானவை ஏரிகளிலும் ஆறுகளிலும் நிகழ்பவை என்பதால், இது கரையோரத்தாருக்கு மட்டுமுரிய கவலையன்று. ஜேர்மனியரும் பிறவியிலேயே நீந்தக் கற்றவர்களல்லர். 1912 இல் றூகன் தீவின் பின்ஸ் என்னும் கடற்கரை ஊரில் இறங்குதுறைப் பாலம் உடைந்து 17 பேர் மாண்டனர். அக்காலத்தில் இம்மக்களுட் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. அந்த விபத்தின் விளைவாகவே அடுத்த ஆண்டு மேற்கூறிய சங்கம் தோன்றியது.

ஊர்க்கடலில் நீந்திய தந்தையர்க்கும் ஒரு சொல். இது அந்தக் கடலன்று. யாழ்ப்பாணக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. குக்ஸ்ஹாபனில் அது ஏறத்தாழ 3 மீற்றர். வற்றின்போது கடல் கண்ணுக்கெட்டாத் தொலைவுக்குப் பின்வாங்கும். ஏறத்தாழ 10 கிலோமீற்றர் அப்பாலுள்ள நொய்வேர்க் தீவுக்கு மக்கள் நடந்தே போவர், குதிரை வண்டிகளும் போகும். ஆறு மணி நேரத்தில் நீர் திரும்பி வரும். அது முன்னாலிருந்து அலையாக வருவதில்லை. சேற்றுத்தரையை அறுத்தோடும் வாய்க்கால்கள் முதலில் நிரம்பிவிட, நடப்பவர் திரும்பும் வழி அவருக்குத் தெரியாமலே அடைபடும். அகப்பட்டோர் ஏறித் தங்குவதற்கென்றே அந்த வழியில் உயரமான கூடுகள் நாட்டப்பட்டுள்ளன. வற்றுப்பெருக்கு நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடமளவில் பிந்துவதால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. அன்றைய அட்டவணையைப் பார்த்தே இறங்குக.

கொடிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி பறந்தால் காவலர் இருக்கின்றனர். அதனுடன் மஞ்சட்கொடியும் பறந்தால் சிறுவரும் நீச்சற் பழக்கமில்லாதோரும் இறங்கலாகாது. தனிச் சிவப்பு எல்லோருக்கும் தடை.

பாடசாலை நீச்சல் வகுப்பு நாளில் மகளுக்குக் காய்ச்சல் என்று கடிதம் எழுதிக்கொடுக்கும் பெற்றோரை நாம் அறிவோம். வாரந்தோறும் அதே நாளில் வரும் காய்ச்சலை ஆசிரியரும் அறிவார்! உடையே தடையென்றால், உடலை முழுதும் மறைக்கும் நீச்சலுடை உண்டு. அவ்வுடை இருக்கையில் வகுப்பிலிருந்து விலக்குக் கோர இயலாது என்று 2013 இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமே ஒரு முஸ்லிம் மாணவியின் வழக்கிற் தீர்த்துவிட்டது. மகனுக்கு வேண்டிய நீச்சல் மகளுக்கு வேண்டாமென்பது எந்த நியாயம்?

மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. கடற்குதிரைச் சின்னம் பெற்றதும் பிள்ளைக்கு நீச்சல் வந்துவிட்டதெனப் பெற்றோர் நிறைவடைகின்றனர். அதற்கு 25 மீற்றர் நீந்தினாற் போதும். அது தொடக்கம் மட்டுமே. 15 நிமிடங்களில் குறைந்தது 200 மீற்றர் நீந்திப் பெறும் வெண்கலச் சின்னத்தைப் பெற்றவரையே உயிர்காப்புச் சங்கம் பாதுகாப்பாக நீந்தக்கூடியவராகக் கொள்கின்றது.

கட்டணம் பெரிதென்பதும் உண்மையே. ஆயினும் அரச உதவி பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, விளையாட்டுக் கழகம், பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்கென மாதம் 15 யூரோ கோரலாம். அகதி விண்ணப்பதாரரின் பிள்ளைகளும் இதற்கு உரித்துடையோர். பலர் இதனைக் கேட்பதேயில்லை. படிவம் நிரப்பத் தெரிந்த குடும்பம் தெரியாத குடும்பத்துக்கு இந்த மாரியிலேயே நிரப்பிக் கொடுக்கட்டும். கோடை தொடங்கியபின் வகுப்புகளில் இடம் கிடைப்பது அரிது.