குளித்த பிறகுதான் பவுடர்!

தலைப்பைப் பார்த்துவிட்டு அழகுக் குறிப்பு எழுதப் போகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரிகளே. இந்த முறை நான் எழுத வந்தது காரைப் பற்றி. காரின் பெயின்ட்டைத் துடைத்துப் பளபளப்பாக்க ‘குயிக் டீடெய்லர்’ என்று ஒரு ஸ்பிரே விற்கிறார்களே, அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைப் பற்றி.

“கார் ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே, நமக்கெதுக்கு அந்த வம்பு?” என்று கேட்கலாம். ஓட்டுவது அவர்களாக இருக்கலாம். விடிகாலையில் துணியும் வாளியுமாக நிற்பது யார்? பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் நடுவில் மாதத் தவணையை எடுத்து வைப்பது யார்? அலமாரியில் வைத்த புட்டியைக் குழந்தை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது யார்? அதனால் இது நம் சமாச்சாரமும்தான்.

எங்கள் எக்கியார்குப்பம் மரக்காணத்தை அடுத்த கடற்கரை ஊர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் சவாரி. வண்டி பார்க்க நன்றாக இருந்தால்தான் அடுத்த சவாரிக்கும் நம்மையே கூப்பிடுவார்கள். விற்கும்போது ஓரத்தில் துரு தெரிந்தால் வாங்க வருகிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஆகவே எங்கள் வீட்டில் இது அலங்காரம் இல்லை, அரிசிப் பானையைச் சேர்ந்த விஷயம்.

உப்பு என்ன செய்கிறது?

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். வண்டி மேல் படிந்த உப்பும் அப்படித்தான். பகலில் வெள்ளைப் பொடியாகக் கிடக்கும். இரவில் ஈரமாகி இண்டு இடுக்கில் இறங்கிவிடும்.

பெயின்ட் முழுசாக இருக்கிற இடத்தில் உப்பு இரும்பைத் தொட முடியாது. ஜல்லி தெறித்துச் சில்லு போன இடம், கதவின் கீழ் விளிம்பு, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, வண்டியின் அடிப்பாகம், இங்கேதான் துரு ஆரம்பிக்கும். எங்கள் சாலையில் கடற்காற்று போதாதென்று மீன் ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீரும் ஒழுகும். அது டயரில் பட்டு அடிப்பாகத்தில் தெறிக்கும்.

பெயின்ட்டின் மேல் ‘கிளியர் கோட்’ என்று நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. பளபளப்பு அதிலிருந்துதான் வருகிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். முடியை விட மெல்லிய இந்தப் பூச்சின் மேல் கடற்கரை மணலை வைத்து வறட்டுத் துணியால் தேய்த்தால் என்ன ஆகும்? புது எவர்சில்வர் தட்டை மண் போட்டுத் தேய்த்த கதைதான். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி கீறல்கள் தெரியும்.

இந்த ஸ்பிரேயில் இருப்பது என்ன?

பெரும்பகுதி தண்ணீர்தான். அதோடு துணி வழுக்கிப் போவதற்கான வழவழப்புப் பொருள், அழுக்கை இளக்க மிகக் கொஞ்சம் சோப்புத் தன்மையுள்ள பொருள், பளபளப்புக்குச் சிறிது சிலிக்கோன் அல்லது மெழுகு. சிலவற்றில் சீக்கிரம் உலர ஆல்கஹாலும் சேர்ப்பார்கள்.

இதிலிருந்தே இதன் வேலை புரிந்துவிடும். கழுவின வண்டியின் மேல் மறுநாள் படிந்த லேசான தூசி, விரல் ரேகை, தண்ணீர்ச் சொட்டின் தடம், காக்கை எச்சம், இவற்றை எடுக்க இது நல்ல சாமான். உப்பும் மணலும் அப்பிய வண்டியைச் சுத்தம் செய்ய இது ஆகாது. குளித்துவிட்டுப் பவுடர் போட்டால் அழகு. குளிக்காமல் அழுக்கு மேலே போட்டால்?

எங்கள் கடற்கரையில் இது புது ஞானமில்லை. கடலுக்குப் போய் வந்த படகின் இஞ்சினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிற வழக்கம் மீன்பிடிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர். அதற்கு ஈடாக எந்தப் புட்டியும் கிடையாது. அதனால் ஸ்பிரேக்குப் பணம் ஒதுக்குமுன், வாரம் ஒரு முறையாவது அடிப்பாகத்தையும் சேர்த்து நல்ல தண்ணீரில் அலசுவதற்கு வழி செய்துகொள்ளுங்கள்.

கடையில் எதைப் பார்ப்பது?

1. பெயரைப் படியுங்கள். ‘குயிக் டீடெய்லர்’ வேறு, ‘வாட்டர்லெஸ் வாஷ்’ வேறு. இரண்டாவதில் வழவழப்பு அதிகம். கொஞ்சம் கூடுதலான தூசியைத் தாங்கும். ‘பாலிஷ்’, ‘ரப்பிங் காம்பவுண்ட்’ என்று போட்டிருந்தால் அதில் அராவும் தூள் இருக்கும். அது கீறலை எடுக்க; அடிக்கடி துடைக்க அல்ல. ‘டாஷ்போர்டு பாலிஷ்’ வண்டிக்கு உள்ளே போடுவது. வெளிப் பெயின்ட்டுக்குப் போடாதீர்கள்.

2. ‘கிளியர் கோட்டுக்கு ஏற்றது’, ‘அராவும் பொருள் இல்லை’ என்ற இரண்டும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. ‘செராமிக்’ என்று போட்டு விலை கூட்டி வைத்திருப்பார்கள். அதில் சிலிக்கா சார்ந்த பொருள் இருக்கும். மேற்பூச்சு கொஞ்சம் அதிக நாள் நிற்கும். ஆனால் உடனே துடைத்து எடுக்காவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். நிதானமாகச் செய்ய நேரமில்லாதவர்களுக்குச் சாதாரண ஸ்பிரேயே சௌகரியம்.

4. விலையைப் புட்டிக்குப் பார்க்காதீர்கள், மில்லிக்குப் பாருங்கள். 500 மில்லி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்னக் காருக்கு ஒரு தடவைக்கு 40 மில்லி ஆனால் 48 ரூபாய். வாரம் ஒரு முறை என்றால் மாதம் சுமார் 200 ரூபாய். இது நமக்குக் கட்டுமா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

5. தண்ணீர் கலந்து பயன்படுத்தும் கெட்டித் திரவம் மலிவாக வரும். ஆனால் கடற்கரையோர போர் தண்ணீரைக் கலந்தால் வெள்ளைத் தடம் விழும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் கலக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

6. லேபிள் இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணி ஒரு கடையில் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததை வாங்கி வந்து பானெட்டில் அடித்தார். உலர்ந்ததும் அந்த இடம் மட்டும் மங்கிப் போய்விட்டது. “என்னா ஊத்திக் குடுத்தானோ தெரியலையேம்மா” என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. லேபிள் இல்லையென்றால் கேட்பதற்கும் வழியில்லை.

துடைக்கும் முறை

வண்டி நிழலில், தொட்டால் சூடில்லாமல் இருக்க வேண்டும். முதலில் நல்ல தண்ணீர் விட்டு மேலிருந்து கீழாக அலசி உலர விடுங்கள். பிறகு ஒரு கதவு, அப்புறம் அடுத்த கதவு என்று பகுதி பகுதியாகச் செய்யுங்கள். இரண்டு முறை அடித்து, மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். பக்கம் அழுக்கானால் திருப்பிக்கொள்ளுங்கள். இன்னொரு உலர்ந்த துணியால் லேசாக ஒற்றி எடுங்கள். துணி கீழே விழுந்தால் அந்தத் துணிக்கு அன்றைக்கு ஓய்வு. ஒரு மணல் போதும், கோடு விழ.

பித்தானோ கொக்கியோ தடித்த தையலோ உள்ள பழைய துணி வேண்டாம். மைக்ரோஃபைபர் துணியைத் தனியாகத் துவையுங்கள். ‘கம்ஃபர்ட்’ மாதிரி துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் அதன் இழை அடைத்துக்கொண்டு உறிஞ்சாது.

காக்கை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள். ஸ்பிரேயை நன்றாக அடித்து ஓரிரு நிமிடம் ஊறவிட்டு அப்படியே ஏந்தி எடுங்கள்.

முன்கண்ணாடியில் அடிக்காதீர்கள். சிலிக்கோன் படிந்தால் இரவு மழையில் எதிர் வண்டி வெளிச்சம் பரவித் தெரியும். பிரேக் டிஸ்க், டயரின் தரை படும் பாகம், கால் மிதி, ஸ்டீயரிங் இவற்றிலும் கூடாது. ஸ்கூட்டர் வைத்திருக்கும் சகோதரிகள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: சீட்டில் பட்டால் வழுக்கும். பின்னால் உட்காருவது நம் குழந்தை.

தோழியர் கேட்கும் சில கேள்விகள்

*வீட்டிலேயே தயாரிக்க முடியாதா?* தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்குப் பளபளக்கும். மறுநாள் ஊர்த் தூசியெல்லாம் அதில்தான். பாத்திர சோப்பும் மண்ணெண்ணெயும் மேலே உள்ள மெழுகை எடுத்துவிடும். வேண்டாம்.

*அடித்ததும் தண்ணீர் முத்து முத்தாக உருளுகிறதே, உப்பு போய்விட்டதா?* இல்லை. மெழுகு இருக்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம். அந்த முத்து உப்புத் தண்ணீராக இருந்தால், காய்ந்ததும் வட்டம் வட்டமாகத் தடம் விடும்.

*புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு?* 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது எங்கள் பக்கத்தாருக்கு மறக்காது. அப்படிச் சேற்றிலும் உப்பு நீரிலும் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் காட்டுவதுதான் முதல் வேலை. ஸ்பிரே எல்லாம் பிறகு.

புட்டியை வைக்கும் இடம்

கடைசியாகச் சொல்வதால் இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2023 மே மாதம் எங்கள் எக்கியார்குப்பத்தின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் வந்தது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்துப் பத்துப் பேருக்கும் மேல் இறந்து போனார்கள். மெத்தனால் என்பது தொழிற்சாலைச் சாமான். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். கண் பார்வையையும் உயிரையும் பறித்துவிடும். காரின் முன்கண்ணாடி கழுவும் திரவங்கள் சிலவற்றில் மெத்தனால் சேர்க்கிற வழக்கம் உலகில் உண்டு. நிறத்தைப் பார்த்தோ மோந்து பார்த்தோ எதில் என்ன இருக்கிறதென்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. லேபிள் ஒன்றுதான் நமக்குக் கண்.

ஆகவே வண்டிக்கு வாங்கும் எந்தத் திரவத்தையும் அதன் சொந்தப் புட்டியிலேயே வையுங்கள். குளிர்பானப் பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். சமையலறையில் வேண்டாம், அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்திலும் வேண்டாம். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வைத்தால் இன்னும் நல்லது. மூடின ஷெட்டில் அடிக்கும்போது துணியில் அடித்துத் துடையுங்கள். இழுப்பு உள்ளவர்களை அருகில் நிற்கவிடாதீர்கள்.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குழந்தை குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். லேபிளைப் பார்த்தால் டாக்டருக்கு வழி தெரியும்.

இவ்வளவும் கவனித்த பிறகு வண்டி பளபளத்தால் அது நல்ல பளபளப்பு. உள்நாட்டில், செம்மண் பூமியில் இருக்கும் சகோதரிகள் தூசியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்களேன்!