காபி ஊறல்

எங்கள் வீட்டில் இப்பொழுது வாரத்துக்கு இரண்டு முறை ஊறல் போடப்படுகிறது. நேயர்கள் உடனே போலீஸாருக்குத் தகவல் கொடுக்கப் புறப்பட வேண்டாம். ஊறுவது காபிப் பொடிதான். அதுவும் குளிர்ந்த தண்ணீரில்.

சித்திரை பிறந்த மறுவாரம், ஒரு நாள் விடியற்காலையில் தற்செயலாகச் சமையலறையை எட்டிப் பார்த்தேன். என் சகதர்மிணி வியர்வை வழிய அடுப்பருகே நின்று, இறங்க மறுத்த பில்டரைக் கரண்டியால் தட்டிக் கொண்டிருந்தாள்.

“தினமும் இந்தக் கஷ்டந்தானா?” என்று கேட்டேன்.

“கல்யாணமான முதல் வருஷம் உங்கள் அம்மா தட்டினார். பிறகு இருபத்தைந்து வருஷமாக நான் தட்டுகிறேன்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நெருப்பில்லாமல் காபி இறக்கும் யுக்தியை அன்றைக்கே கற்க முனைந்தேன்.

வழி வெகு சுலபம். பொடியை ரவையைவிடச் சற்றுப் பருமனாக அரைத்துத் தரும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். வழக்கமான பில்டர் பொடி உதவாது. துணியில் தங்காமல் வண்டலாக இறங்கிவிடும். 100 கிராம் பொடிக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 800 மில்லி லிட்டர் விட்டு, நன்றாகக் கலக்கி மூடி, குளிர்ப்பெட்டியில் வையுங்கள். 12 மணி முதல் 18 மணி நேரம் ஊற வேண்டும். மாலை விளக்கு வைக்கும்போது கலந்தால் விடியும்போது தயார். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம்.

இது தீயைக் காணாத பானம். கிருமிகளைக் கொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆகையால் பாத்திரமும் துணியும் பரிசுத்தமாக இருக்கவேண்டும். வடித்ததைக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சமபங்கு பாலோ தண்ணீரோ சேர்த்தே அருந்துங்கள். அப்படியே குடித்தால் இரவு முழுவதும் நட்சத்திரம் எண்ண நேரிடும்.

கொதிநீர் சில நிமிஷங்களில் அவசரமாகச் செய்யும் காரியத்தைக் குளிர்நீர் நிதானமாகச் செய்கிறது. கசப்புக் குறைகிறது, மணமும் சற்றுக் குறையத்தான் செய்கிறது. இதில் அமிலமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2018-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ரஸாயன நிபுணர் இருவர் சோதித்ததில், இருவகைக் காபியின் பி.எச். அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே, 4.85-க்கும் 5.13-க்கும் இடையில் இருந்தது. மொத்த அமிலந்தான் சுடுநீர்க் காபியில் அதிகம். ஆகவே வயிற்றெரிச்சல்காரர்கள் இதை மருந்தாக எண்ணிவிடக் கூடாது.

அந்த நாட்டிலேயே 1964-ல் டாட் சிம்ப்ஸன் என்பவர் இதற்கென்று ஒரு சாதனம் செய்தார். அதன் பெயர் ‘டாடி’. இங்கிலீஷில் கள்ளுக்கும் அதே பெயர்! நமது ஊறலுக்கு ஏற்ற ஜோடிதான்.

மறுநாள் காலையில் நானே வடிகட்டிக் குளிர்ந்த பால் கலந்து ஒரு டம்ளரை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “வாசனை போதாது” என்றாள் என் மனைவி. ஆனால் ஊஞ்சலில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரையில் ஆற அமரக் குடித்தாள். விடிந்ததும் அவள் உட்கார்ந்து காபி சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஐப்பசி மழை வந்தால் பில்டர் மறுபடியும் அடுப்படிக்கு வந்துவிடும். அதைத் தட்டும் முறை இனி என்னுடையது.