கோபுரம் தெரிகிறது, குடிமகன் எங்கே?

தோழரே!

நாடகக் கொட்டகையிலே நீர் கண்டிருப்பீர். குழுவிடம் தெருப் படுதா ஒன்றுதான் இருக்கும். முதற் காட்சியிலே அது மதுரை. மூன்றாங் காட்சியிலே அதுவே காசி! கையிலே காசில்லை, ஆகவே காசியும் இதுதான் என்று நாமும் பொறுத்துக்கொள்வோம்.

காசுக்குக் குறைவில்லாத ஜெர்மானிய நகரமாம் நூரெம்பர்க்கிலே, 1493ஆம் ஆண்டிலே, இதே வித்தை அச்சேறியது. ஹார்ட்மன் ஷேடல் எனும் மருத்துவர் தொகுத்த உலக வரலாற்று ஏடு. அச்சிட்டவர் ஆண்டன் கோபெர்கர். படங்கள் 1809, செதுக்கிய மரக்கட்டைகளோ 645தான்! டமாஸ்கஸ் என்று ஒரு நகரைக் காட்டுகிறார்கள். ஏட்டைப் புரட்டினால் அதே கட்டை ஃபெராரா என்கிறது, மிலான் என்கிறது, மாண்டுவா என்கிறது. மதில் இருக்கிறதா, வாயில் இருக்கிறதா, வானளாவும் கோபுரம் இருக்கிறதா, அதுவே நகரம்! எந்த நகரமானால் என்ன? அந்த ஏடு கற்பித்த இலக்கணம் இது.

நூரெம்பர்க்குக்கு மட்டும் இரவல் கட்டை இல்லை. சொந்த ஊரல்லவா! இரண்டு பக்கங்கள் விரிய, உச்சியிலே கோட்டை, அதன் அடியிலே தேவாலயங்கள், சுற்றிலும் மதில். எடுப்பான படம், பொய்ப்படமும் அல்ல. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1498இல், யூத மக்களை வெளியேற்றும் ஆணையை மன்னர் மாக்சிமிலியனிடமிருந்து அந்நகரம் பெற்றது. ஒரு சமூகமே மூட்டை கட்டிற்று. படத்திலே ஒரு கோடு திருத்த வேண்டியிருந்ததா? இல்லை! கல்லை வரைந்த கை, கல்லுக்குள் வாழ்ந்தவரை வரையவில்லையே!

அதே நூரெம்பர்க்கின் வணிகர் ஆண்டன் கோல்ப், வெனிஸ் நகரிலே இன்னும் பெரிய காரியம் செய்தார். யாக்கோபோ தெ பார்பரி வரைந்ததாகக் கருதப்படும் நகர்ப்படம். ஆறு கட்டைகள், மூன்றாண்டு உழைப்பு, 1500இல் வெளியீடு. பறவை பார்ப்பதுபோல் நகரம் முழுதும் கண்முன் கிடக்கிறது. மேலே வணிகத் தெய்வம் மெர்க்குரி, கீழே கடல் தெய்வம் நெப்டியூன். விலை மூன்று டூகட். இந்நகரின் புகழுக்காகவே இதைச் செய்தேன் என்று அரசிடம் விண்ணப்பித்தார் கோல்ப். புகழ் நகருக்கு, பணம் பெட்டிக்கு! வணிகர் வாய்மொழி என்றைக்குமே இனிமைதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், தோழரே. அந்தப் படத்திலே அரியணை இல்லை, முடி தரித்த தலை இல்லை. ஊரே தலைவன்! மன்னன் முகத்தையே பார்த்துப் பழகிய உலகுக்கு அது பெரும் புதுமை. என் ஊர் என்ற பெருமிதத்தை அச்சு வளர்த்தது. அதை நான் இகழமாட்டேன்.

ஆனால், காலத்தைப் பாரும்! கட்டை செதுக்கப்பட்ட 1499இலேதான் ஜோன்கியோ கடற்போரிலே துருக்கியரிடம் வெனிஸ் தோற்றது. அதே ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டிலிருந்து லிஸ்பன் திரும்பி, மிளகுக்குப் புதுவழி கண்டதை அறிவித்தார். 1500இலே மொடோன் கோட்டையும் வீழ்ந்தது. கடல் கைவிட்டுப் போகிறது; காகிதத்திலோ நெப்டியூன் காவல் நிற்கிறான்!

நுணுக்கம் தெரியாதவர்களா? 1489இல் இடி விழுந்து சிதைந்த மணிக்கூண்டை, கூர்முனை இழந்த நிலையிலேயே வரைந்தார்கள். பின்னர் அது புதுப்பிக்கப்பட்டதும் கட்டையையே திருத்தினார்கள். ஒரு கூரைக்கு அத்தனை அக்கறை! படகுகளிலே சிலர் தெரிகின்றனர். தெருக்களோ வெறிச்சோடிக் கிடக்கின்றன. கப்பல் கட்டும் அர்செனல் இருக்கிறது. கட்டுகிற கூட்டம் எங்கே?

அந்த ஆறு கட்டைகளும் இன்றும் வெனிஸின் கோரர் அருங்காட்சியகத்திலே பத்திரமாக இருக்கின்றன. உளி பிடித்து அவற்றைச் செதுக்கியவர்களின் பெயர் ஒன்றுகூட அவற்றிலே இல்லை.